கோலமாவுப் பனியில் ஓர் இரவு ரயில்

எங்கள் மாடி அறையில் ஆறடிக்கு மூன்றரை அடிப் பலகை ஒன்றின் மேல் பின்லாந்தின் இரவு ரயில் ஓடுகிறது. ஹெல்சிங்கியில் ராத்திரி ஏறினால், ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வடக்கே, லாப்லாந்தில் காலையில் இறக்கிவிடும் வண்டி. அந்தப் பாதையில் கெமிக்கும் ரோவனியெமிக்கும் நடுவில் இருக்கிற காட்டை எச்.ஓ. என்கிற மாதிரி ரயில் அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக (1:87), செய்து பார்த்தேன். என்னென்ன போட்டேன், எது ஒத்துவந்தது, எதைக் கழற்றி எறிந்தேன் என்பதை எழுதி வைத்தால் இதே கிறுக்கு உள்ள இன்னொருவருக்கு உதவும்.

வந்து பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "பனிக்கு என்ன போட்டீங்க?" என்றுதான். பனி இதில் சின்ன வேலை. ஓர் ஆள் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். பாடுபடுத்துவது வெளிச்சம். கீழே பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

அலுவலக வேலையாக ஒரு குளிர்காலம் ஹெல்சிங்கியில் இருந்தபோது அந்த வண்டியில் போனேன். இரண்டு மாடித் தூங்கும் பெட்டி. மேல்மாடி அறைகளுக்குள்ளேயே கழிப்பறையும் குளியலும் உண்டு. கீழ்மாடிக்காரர்கள் நடைபாதைக்குத்தான் போகவேண்டும். ஜனவரியில் அந்தப் பகுதியைத் தாண்டும்போது மணி விடியற்காலை ஆகியிருந்தாலும் வெளியே நடுராத்திரிதான். அறை விளக்கு எரியும் வரை கண்ணாடியில் நம் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் காடு மெல்ல வெளியே வரும். அப்போது கவனித்த இரண்டு விஷயங்கள்தான் இந்த வேலைக்கே அடிப்படை. ஒன்று, பனி வெள்ளையாகவே இல்லை, சாம்பலும் நீலமுமாக இருந்தது. இரண்டு, வெள்ளையாக, மஞ்சளாக என்று நிறத்தோடு தெரிந்த பனி எல்லாம் நம் வண்டியின் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடங்கள் மட்டுமே. உணவுப் பெட்டியின் ஜன்னல்கள் பக்கத்துப் பனிமேட்டில் கட்டம் கட்டமாக விழுந்து வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தன. மேடு உயர்ந்தால் கட்டம் கிட்டே வரும், தாழ்ந்தால் விலகிப் போகும். அதைச் செய்ய முடிந்தால் மீதி எல்லாம் தானாக வரும் என்று தோன்றியது.

சரி, பலகை.

12 மி.மீ. ப்ளைவுட், அடியில் குறுக்குச் சட்டம். கோவையில் ஆடிக் காற்றில் ஈரப்பதம் ஏறி இறங்குவதால் இரண்டு பக்கமும் ப்ரைமர் அடித்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். தண்டவாளம் முட்டை வடிவச் சுற்று. முன் பாதி காடு, பின் பாதி கறுப்புத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும். பின்லாந்துப் பெட்டி ஒன்று 26 மீட்டருக்கு மேல் நீளம். 87-ஆல் வகுத்தால் 30 செ.மீ. இவ்வளவு நீளப் பெட்டி 36 செ.மீ. ஆர வளைவில் திரும்பினால் பெட்டியின் நடு உள்ளே விழுந்து முனை வெளியே துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கும். அதனால் 44 செ.மீ. ஆர வளைவு எடுத்தேன். பலகையின் அகலத்தைத் தீர்மானித்தது அதுதான். வளைவுகள் இரண்டும் மரங்களுக்குப் பின்னால் போய்விடுவதால் கண்ணுக்கு நேராக ஓடும் பகுதியே தெரியும்.

அளவுக்காரர்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் பாதை அகலம் 1524 மி.மீ. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த காலத்தில் போட்டது, அப்படியே நின்றுவிட்டது. கணக்குப்படி அது 17.5 மி.மீ. ஆகவேண்டும், கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5. ஒரு மில்லிமீட்டர் குறைகிறது. இருட்டில், அதுவும் பனிக்குள் பாதி புதைந்த தண்டவாளத்தில், இதை அளந்து பார்ப்பவரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

தண்டவாளத்தை நேராக ப்ளைவுட்டில் ஒட்டினால் பலகை முழுவதும் மத்தளம் போல அதிரும். உண்மையான பனிக்காட்டில் சத்தம் அமுங்கிப் போகும். புதுப்பனி முழுக்கக் காற்றுத் துளைகள், ஒலியை அது விழுங்கிவிடும். கடகடவென்று கத்துகிற வண்டி அந்த மயக்கத்தையே கெடுத்துவிடும். தண்டவாளத்துக்கு அடியில் யோகா பாய் வகை ரப்பர் நுரையை வெட்டிப் போட்டேன். ஒட்டியது சிலிகான் பசையால். ஃபெவிகால் காய்ந்து கல்லாகிவிடும், அந்தக் கல் வழியாகவே சத்தம் பலகைக்கு இறங்கும். சிலிகான் காய்ந்த பிறகும் ரப்பராகவே இருக்கும்.

நிலத்துக்குக் கட்டடக் கடைகளில் வெப்பத்தடுப்புக்கு விற்கும் நெருக்கமான நுரைப் பலகை. சாதாரணத் தெர்மோகோலை வெட்டினால் உருண்டை உருண்டையாகக் கொட்டும், அது சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். நுரைப் பலகைமேல் ஸ்ப்ரே பெயின்ட் நேராக அடிக்கக் கூடாது. கரைப்பான் அதைத் தின்றுவிடும். முதலில் மேலே ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த பேன்டேஜ் துணி ஒரு அடுக்கு, பிறகு வெள்ளை எமல்ஷன். நிலத்தின் வளைவுகளை இங்கேயே முடித்துவிடவேண்டும். பனி என்பது மேட்டையும் பள்ளத்தையும் மழமழவென்று போர்த்துவது, எனவே கூர்மையான விளிம்பு எங்கும் இருக்கக் கூடாது. தண்டவாளத்தின் இரு பக்கமும் கலப்பை வண்டி ஒதுக்கித் தள்ளிய மேடு மட்டும் சற்றே செங்குத்தாக, 2 முதல் 3 செ.மீ. உயரத்தில். இந்த மேட்டுக்கு ஒரு முக்கியமான வேலை பிறகு வருகிறது.

பனிப் பொடிக்கு வருவோம். வெளிநாட்டுக்காரர்கள் பலர் பேக்கிங் சோடா சொல்வார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர் ஈரத்தில் அது கட்டிதட்டும், நாளாவட்டத்தில் மஞ்சளாகும், தண்டவாளத்தையும் அரிக்கும். உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெளிநாட்டுத் தயாரிப்பில் நல்ல பனிப்பொடிகள் உண்டு, ஆனால் இவ்வளவு பரப்புக்கு வாங்கினால் ரயில் விலையைத் தாண்டிவிடும். கடைசியில் சமையலறைப் பரணில் இருந்து கிடைத்தது விடை. அம்மா பார்த்துவிட்டு, "கோலமாவை எங்கடா தூக்கிட்டுப் போறே?" என்றார்.

"பனி போடப் போறேம்மா."

"மார்கழிக்கு முன்னாடி வாங்கி வச்சுடு, ஆமாம்."

அரிசி மாவு அல்ல. அரிசி மாவு போட்டால் லாப்லாந்து முழுக்க எறும்பு வந்துவிடும். வெள்ளைக் கல்லை அரைத்துச் செய்யும் கோலப்பொடி. அதை இரண்டாகச் சலித்தேன். மெல்லிய துணியில் இறங்கியது மேற்பூச்சுக்கு, மேலே தங்கிய பருமணல் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே காற்று ஒதுக்கிய பழைய பனிக்கு. கல் தூள் என்பதால் விளக்குப் பட்டால் இங்கொன்றும் அங்கொன்றுமாக மினுக்கும். கடையில் விற்கிற ஜிகினா தூளைத் தூவுகிறவர்களை நான் ஏற்பதில்லை, அது வாழ்த்து அட்டைப் பனி.

போடும் முறை எளிது. தண்ணீரும் ஃபெவிகாலும் சரிபாதி, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு. தூரிகையில் பூசி, டீ வடிகட்டியில் பொடியைப் போட்டு மேலே இருந்து தட்டவேண்டும். பக்கவாட்டில் இருந்து தூவாதீர்கள். பனி மேலே இருந்துதான் விழுகிறது. கிளையின் அடிப்பக்கம் வெள்ளையானால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். காய்ந்ததும் தூரிகையால் கூட்டி, துணி கட்டிய வேக்வம் கிளீனரால் உதிரியை உறிஞ்சி, மேலே மேட் வார்னிஷ். இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போடக் கூடாது. கல் தூள் இன்ஜினின் பல்சக்கரத்துக்குள் போனால் எமரித்தாள் மாதிரி வேலை செய்யும். வார்னிஷ் அடித்த பிறகும் கொஞ்சம் பறந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருமுறை வண்டி இழுத்து இழுத்து ஓடியபோது அடிமூடியைத் திறந்து பார்த்தால், கிரீஸ் வெள்ளைச் சாந்தாக மாறியிருந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பல்சக்கரங்களைக் கழுவி, புது கிரீஸ் இட்டபின் சரியாயிற்று. அப்போதிருந்து இன்ஜினின் அடியில் உள்ள காற்றுத் துளைகளை மெல்லிய டேப்பால் மூடிவைத்திருக்கிறேன்.

மரங்களில் நேரம் போனது. வட பின்லாந்தின் ஸ்ப்ரூஸ் மரம், கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் நினைக்கும் அகலக் கூம்பு அல்ல. மெழுகுவத்தி போல ஒல்லியாக, கிளைகள் கீழ்நோக்கித் தொங்க நிற்கும். பனியின் கனம் தங்காமல் வழுக்கி விழ அந்த வடிவம் தோது. அதனால் கடையில் கிடைக்கிற மாதிரி மரங்கள் உதவாது. தென்னைநார் உதவியது. நாரைச் சுத்தம் செய்து 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மடித்த கட்டுக்கம்பியின் இரண்டு இழைகளுக்கு நடுவே பரப்பி, கம்பியின் முனையை ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி முறுக்கிக்கொள்ளும். கத்தரியால் ஒல்லிக் கூம்பாக வெட்டி, நாரைக் கையால் கீழ்நோக்கி இழுத்துவிடவேண்டும். அப்புறம் கறுப்பு கலந்த கரும்பச்சை ஸ்ப்ரே. எவ்வளவு இருட்டாக அடிக்கத் தோன்றுகிறதோ அதைவிட இன்னும் இருட்டாக அடியுங்கள். அங்கே மரங்கள் 10 முதல் 15 மீட்டர். நம் அளவில் 11 முதல் 17 செ.மீ. பின்னால் போகப் போக 6, 5 செ.மீ. என்று குறைத்தேன். கண்ணை ஏமாற்ற இது போதும், நாற்பது செ.மீ. ஆழக் காடு நானூறு மீட்டர் போலத் தெரிகிறது.

நடுநடுவே பைன் வேண்டும். அதன் தண்டு கீழே சாம்பல், மேல் பாதி செம்மஞ்சள், கிளை எல்லாம் உச்சியில்தான். மூங்கில் குச்சியில் செய்தேன். பிர்ச் மரத்துக்குக் காய்ந்த மருதாணிக் குச்சி. குளிர்காலத்தில் அதற்கு இலை இல்லை, கிளைகள் மயிரிழை போலப் பிரியும். மருதாணியும் அப்படித்தான் பிரிகிறது. தண்டுக்கு மட்டும் வெள்ளை. நூற்றுக்கும் மேல் மரம் செய்தபின், ரயில் போகிற பக்கம் முழுவதும் சுவர் மாதிரி நட்டுவிடாமல் இரண்டு இடங்களில் வெற்றிடம் விட்டேன். ஒன்று உறைந்த சதுப்பு நிலம். தொடர்ந்து மரமாகவே இருந்தால் ஓடுகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. காடு திறந்து மூடும்போதுதான் வண்டி போவது தெரியும்.

மின்கம்பி. பின்லாந்திலும் நம் ரயில்வேயைப் போல 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். ரோவனியெமி தாண்டி கெமியார்வி வரை கம்பி நீண்டது 2014-இல். கோலரிக்குப் போகிற வடக்குக் கிளைக்கு டீசல் இன்ஜின்தான். கம்பங்கள் 60 மீட்டரை ஒட்டிய இடைவெளியில் இருக்கும் என்று வைத்தால் நம் பலகையில் 70 செ.மீ.க்கு ஒன்று, மொத்தமே மூன்று கம்பம். பித்தளைக் குழாயில் செய்துவிட்டேன். உண்மையான மின்கம்பி 12 மி.மீ. தடிமன் என்றால் 1:87-இல் 0.14 மி.மீ. ஆகவேண்டும். அவ்வளவு மெல்லிய கம்பி கிடைத்தாலும் கைபட்டால் அறுந்துவிடும். இங்கே குளிர் கைகொடுத்தது. தெளிந்த வானமுள்ள குளிர் இரவுகளில் கம்பிமேல் உறைபனி முள் முள்ளாகப் படிந்து தடித்துவிடும். எனவே பிசிர் உள்ள வெள்ளைத் தையல் நூலையே இழுத்துக் கட்டிவிட்டேன். கம்பி என்று சொன்னால் நம்பமாட்டார்கள், உறைபனி படிந்த கம்பி என்றால் நம்புகிறார்கள்.

இனி வெளிச்சம்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். முழு நிலவு நாளில்கூடத் தரையில் விழும் வெளிச்சம் சுமார் கால் லக்ஸ்தான். அறையின் ட்யூப்லைட் நூறு லக்ஸுக்கு மேல். நிலவொளி உண்மையில் நீலமும் அல்ல. சூரிய ஒளி நிலவில் பட்டுத் திரும்புவது, நண்பகல் வெயிலைவிடச் சற்றே மஞ்சள் சாய்ந்தது. நம் கண்தான் அதை நீலமாக்குகிறது. மங்கிய வெளிச்சத்தில் விழித்திரையின் கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு 507 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம், நீலப்பச்சையில், உணர்வு அதிகம். பகல் வேலை பார்க்கும் கூம்பு செல்களுக்கு 555-இல். இருட்ட இருட்ட சிவப்பு செத்து, நீலம் தூக்கித் தெரிவது அதனால்தான். பலகையைப் பார்ப்பவர் கால் லக்ஸில் உட்காரமாட்டார், ஆகவே கண் தானாகச் செய்வதை நாம் விளக்கால் செய்துகொடுக்கவேண்டும். பனிக்கு நீலச் சாயம் பூசினால் கெட்டது. ஜன்னல் மஞ்சள் அதன்மேல் விழும்போது அழுக்குப் பச்சையாகிவிடும். பனி வெள்ளையாகவே இருக்கட்டும், நீலம் மேலிருந்து வரும் விளக்கில் இருக்கட்டும்.

பலகையைச் சுற்றி முன்பக்கம் மட்டும் திறந்த பெட்டி செய்து உள்ளே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினேன். கறுப்பு பெயின்ட் பளபளக்கும், வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கிவிடும். மேலே, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நீலமும் குளிர்வெள்ளையும் கலந்த எல்.இ.டி. பட்டை. அதை முன்னால் வைக்காமல் பின் மேல் மூலையில் வைத்தேன். பின்னாலிருந்து வந்தால் மரத்தின் நிழல் நம்மை நோக்கி நீண்டு விழும், பனியின் ஏற்ற இறக்கம் எல்லாம் தெரியும். முன்னாலிருந்து வந்தால் எல்லாம் தட்டை. பனி தன்மேல் விழும் ஒளியில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள், கோலப்பொடியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பட்டையை டிம்மரில் அடிமட்டத்துக்குக் குறைத்தும் அதிகமாகவே இருந்தது. மேலே சாம்பல் நிறப் ப்ளாஸ்டிக் தாள் இரண்டு அடுக்கு போட்டபின் இருட்டு வந்தது. முதல் பார்வையில் ஒன்றும் தெரியக் கூடாது. கொஞ்ச நேரம் ஆனபின்தான் காடு வரவேண்டும். ரயில் அறையில் விளக்கை அணைத்த பின் நடந்ததே இங்கும் நடக்கவேண்டும்.

பெட்டிகளைக் கடையில் வாங்கவில்லை. பின்லாந்துப் பெட்டிகள் இந்த அளவில் அரிது, கிடைத்தாலும் விலை மலை. இன்ஜின் மட்டும் வாங்கினேன். பின்லாந்து ரயில்வே ஓட்டும் புதிய இன்ஜின்கள் சீமென்ஸ் வெக்ட்ரான் வகை, வெக்ட்ரானை எச்.ஓ.வில் பலர் செய்கிறார்கள், பழசாக ஒன்று கிடைத்தது. பெட்டிகளை மவுண்ட் போர்டில் வெட்டி, பழைய சக்கரச் சட்டங்கள் மேல் வைத்தேன். இரண்டு மாடித் தூங்கும் பெட்டிகள் 6 செ.மீ. உயரம், அவற்றின் நடுவில் ஒற்றை மாடி உணவுப் பெட்டி. பகலில் பார்த்தால் அட்டைப் பெட்டி என்று குழந்தையும் சொல்லும். ராத்திரியில் பெட்டியா தெரிகிறது, ஜன்னல்தானே.

மவுண்ட் போர்டு வழியே வெளிச்சம் கசியும். உள்ளே முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அடித்தால் கசிவு நிற்கும், உள்ளே ஒளியும் பரவும். தூங்கும் பெட்டியில் எல்லா ஜன்னலையும் எரியவிடாதீர்கள். கொலு பார்க்கில் ஓடும் பொம்மை ரயில் அப்படித்தான் ஓடும், அது அங்கே அழகு. விடியற்காலையில் தூங்கும் பெட்டியில் ஒன்றிரண்டு ஜன்னல்தான் எரியும், அதிலும் ஒன்று திரைக்குப் பின்னால். அந்த ஜன்னல்களுக்கு உள்ளே பட்டர் பேப்பர் ஒட்டி, எல்.இ.டி.க்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் கொடுத்தேன். ஒரு மில்லிஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான் பாய்கிறது, அதுவே தாராளம்.

உணவுப் பெட்டிக்குப் பட்டர் பேப்பர் கூடாது. இங்கேதான் பனியில் கட்டம் விழவேண்டும். பரவலான வெளிச்சத்துக்குக் கட்டம் வராது. ஒளி ஒரு புள்ளியில் இருந்து கிளம்பினால்தான் ஜன்னல் சட்டத்தின் விளிம்பு பனியில் கூர்மையாக விழும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரே ஒரு குட்டி எஸ்.எம்.டி. எல்.இ.டி., எதிர்ச் சுவர் ஓரமாகக் கூரையில். பக்கத்து விளக்கு இந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஒரு கட்டம் இரண்டு கட்டமாகிவிடும், அதனால் நடுவில் கறுப்பு அட்டைத் தடுப்புகள்.

கணக்கு இப்படி. தண்டவாள மட்டத்திலிருந்து விளக்கின் உயரம் 42 மி.மீ., ஜன்னலின் கீழ் விளிம்பு 25, மேல் விளிம்பு 36. விளக்குக்கும் ஜன்னலுக்கும் கிடைமட்டத் தூரம் 30. கீழ் விளிம்பைத் தொட்டுப் போகும் கதிர் 30 மி.மீ.க்கு 17 இறங்குகிறது. மீதமுள்ள 25 மி.மீ. இறங்க இன்னும் 44 மி.மீ. போகவேண்டும். மேல் விளிம்புக் கதிர் 30-க்கு 6 மட்டுமே இறங்குவதால் தரையைத் தொட 18 செ.மீ. ஆகும். ஆக வெளிச்சக் கட்டம் பெட்டியிலிருந்து நாலரை செ.மீ. தள்ளித் தொடங்கி 18 செ.மீ. வரை நீளும். சமதரையில் இது நீண்டு வெளுத்துப் போகும். கலப்பை ஒதுக்கிய பனிமேட்டை ஆறு செ.மீ. தூரத்தில் வைத்தால் கட்டத்தை அது நிமிர்த்திப் பிடித்துவிடும். மேடு தாழும் இடத்தில் கட்டம் நீண்டு ஓடிக் காட்டின் முதல் வரிசை மரங்களின் அடியைத் தொடும். நான் ரயிலில் பார்த்த அதே ஆட்டம். இந்த விளக்குகளுக்கு 4.7 கிலோ ஓம், வெதுவெள்ளை, ஏறத்தாழ ஒன்றரை மில்லிஆம்பியர். பனிமேட்டில் முதல் கட்டம் விழுந்து ஓடியபோது பின் திரையைக்கூட மாட்டியிருக்கவில்லை, ஆனாலும் வேலை முடிந்த மாதிரி இருந்தது.

விளக்கு சிமிட்டக் கூடாது, வண்டி நின்றாலும் அணையக் கூடாது. சாதாரண டி.சி. கட்டுப்பாட்டில் வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைப்போம், விளக்கும் சேர்ந்து மங்கும். அதற்குப் பதில் அர்டுயினோ நானோ என்ற நிரல் எழுதி ஓட்டும் குட்டிப் பலகையும் ஒரு சின்ன மோட்டார் டிரைவர் பலகையும் வைத்து 12 வோல்ட்டைத் துடிப்புகளாக அனுப்பினேன். ஒவ்வொரு துடிப்பும் முழு 12 வோல்ட். வேகம் துடிப்பின் அகலத்தில் இருக்கிறது. பெட்டிக்குள், மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் ஒரே திசையாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், 22 ஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சக்கரம் தூசியில் ஒரு கணம் தொடர்பு விட்டாலும் கெப்பாசிட்டர் அரை நொடி தாங்கும். வண்டி நிற்கும்போது துடிப்பைச் சுழியாக்காமல் பத்து சதவீதத்தில் விட்டுவைக்கிறேன். மோட்டாரைத் திருப்ப அது போதாது, விளக்கை எரியவைக்கப் போதும், கொஞ்சம் மங்கலாக. துடிப்பு வேகம் நானோவில் வழக்கமாக வரும் 490 ஹெர்ட்ஸில் இருந்தால் நிற்கும் இன்ஜின் கொசு போல முனகும்; டைமரை மாற்றி 31 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் காதுக்குக் கேட்காது. அதற்குக் கொடுக்கும் விலை, வண்டி புறப்படும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உறைபனி ராத்திரியில் புறப்படும் வண்டிக்கு அது பொருந்துகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாகச் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. உறைபனி படிந்த கம்பியில், இன்ஜின் கூரையிலிருந்து நீண்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் உரசும்போது தொடர்பு விட்டு விட்டுப் பொறி பறக்கும். நீலம் கலந்த வெள்ளைப் பளீர். ஒரு கணம் காடு முழுவதும் பகலாகி, மரங்களின் நிழல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மறுபடி இருட்டு. அதற்கு இன்ஜின் கூரையில், பான்டோகிராஃபின் அடியில், குளிர்வெள்ளை எல்.இ.டி. ஒன்று. உள்ளே ஏ.டி.டைனி85 சில்லு. நிரல் பெரிதல்ல: தோராயமாக 3 முதல் 20 நொடி காத்திரு, பிறகு மூன்று முதல் எட்டு மின்னல், ஒவ்வொன்றும் 5 முதல் 40 மில்லிநொடி, நடுவே ஒழுங்கில்லாத இடைவெளி. வண்டி நின்றால் மின்னக் கூடாது, எனவே மோட்டார் வோல்டேஜை ஒரு காலில் பார்த்துக்கொள்கிறது. மற்ற விளக்குகள் எல்லாம் ஒன்றிரண்டு மில்லிஆம்பியரில் ஒடுங்கியிருக்கும்போது இதற்கு மட்டும் முழு 20 மில்லிஆம்பியர். இடைவெளி ஒழுங்காக இருந்தால் கல்யாண மண்டப சீரியல் செட் ஆகிவிடும். எப்போது வரும் என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்கவேண்டும்.

செய்ய முடியாமல் விட்டது ஒன்று உண்டு. வேகமாகப் போகும் வண்டியின் பின்னால் பனித்தூள் புகைபோல எழுந்து கடைசிப் பெட்டியை மூடிவிடும். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்குகள் அதற்குள் மங்கலாகத் தெரியும். சிறு விசிறியால் பொடியைப் பறக்கவிட்டால் பல்சக்கரங்கள் திரும்பவும் சாந்தாகும், நீராவி விட்டால் கோலப்பொடி நனையும். சிவப்பு விளக்குகளின் முன்னால் தேய்த்து மங்கலாக்கிய ப்ளாஸ்டிக் துண்டு வைத்து ஏதோ ஒப்பேற்றியிருக்கிறேன்.

பராமரிப்பு அதிகமில்லை. ஓட்டும் முன் தண்டவாளத்தின் தலையை ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடை. ஓட்டாத நாளில் பெட்டியின் முன்பக்கம் திரை போட்டுவிடவேண்டும். பனியில் விழும் தூசி பழுப்பாகத் தெரியும், அதைத் துடைக்க வழியில்லை, மேலே புதுப்பனி சலிப்பதுதான் ஒரே வழி. படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: போனின் இரவுப் பயன்முறையை அணைத்துவிடுங்கள், அது பாடுபட்டுச் சேர்த்த இருட்டைப் பகலாக்கிவிடும். உணவுப் பெட்டியின் ஜன்னலில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டி, இன்னும் ஒரு படி கீழே இறக்குங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வின் பக்கம் நிறுத்தினால் ஜன்னல் மஞ்சளாகவும் பனி நீலமாகவும் நிற்கும். பொறியைப் பிடிக்க வீடியோதான். எடுத்த பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் மரம் மரமாக நிழல் விழுந்த ஒன்று கட்டாயம் கிடைக்கும்.